சிலாப்புக்குக் கட்டிய தண்ணீர்

டெங்கு வந்து பிழைத்தவளைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் உடம்பைப் பற்றிக் கேட்பதில்லை, வீட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பிஸ்கட் பெட்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, வளவெல்லாம் துப்புரவாகத்தானே வைத்திருந்தீர்கள் என்று ஒரு விசாரணை. நிந்தவூரில் இருந்து வந்த என் கணவரின் மாமி இன்னும் ஒருபடி மேலே போனார். குசினிக்குப் பின்பக்கம் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுத்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் ஊத்தைக்காரி என்பதற்கு ஒரு சிரட்டையாவது சாட்சிக்குக் கிடைக்காதா என்று அவருக்கு ஆசை. கிடைக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் வாயால் பதில் சொல்லி நான் களைத்துப்போனேன். இனிக் கேட்கிறவர்கள் இதை வாசித்துக்கொள்ளட்டும்.

நான் தையல்காரி. கல்முனைக்குக் கொஞ்சம் தெற்கே, கடற்கரை வீதிக்கு உள்ளே, உம்மா வாப்பாவின் பழைய ஓட்டு வீட்டில் இருக்கிறேன். மாரி தொடங்கினால் என் வளவில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஓய்வெடுக்க முடியாது. சிரட்டைகளைக் கவிழ்ப்பேன், யோகட் கோப்பைகளைப் புதைப்பேன், பூச்சாடியின் அடித்தட்டை எடுத்தே எறிந்துவிட்டேன். பீலியில் தேங்கும் இலையை ஏணி வைத்து அள்ளுவேன். குளிர்சாதனப் பெட்டியின் முதுகில் ஒரு தட்டு இருக்கிறதே, பலருக்கு அது இருப்பதே தெரியாது, அதை வெள்ளிக்கிழமை தோறும் இழுத்துக் கொட்டுவேன். தண்ணீர்ப் பீப்பாய்க்கு மிஞ்சிய வலைத்துணியில் இழுபட்டி வைத்து ஒரு தொப்பி தைத்துப் போட்டிருந்தேன். பூனை குடிக்கும் கிண்ணத்தைக்கூடத் தும்பால் உரசிக் கழுவுவேன், ஏனென்றால் தண்ணீரைக் கொட்டினாலும் நுளம்பு முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்து கிடந்து, அடுத்த தண்ணீர் பட்டதும் உயிர் பிடிக்கும். என் கணவர் நிசாம் சவளக்கடைப் பக்கம் இருந்து நெல் ஏற்றும் சின்ன லொறி ஓட்டுகிறவர். வீட்டுக்கு வந்தால் குடித்த தண்ணீர்க் குவளையை எங்கே வைப்பது என்று பயந்துகொண்டு நிற்பார்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஒழுங்கையின் சாக்கடைக் கான் கறுத்து நாறிக் கிடக்கிறது என்று எல்லாரும் கையெழுத்து வைத்து மனுக் கொடுத்தோம். டெங்கு நுளம்பு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அது எங்களைவிடத் துப்புரவு பார்க்கிற சீமாட்டி. தெளிந்த, அசையாத தண்ணீர்தான் அதற்கு வேண்டும்.

பி.எச்.ஐ. என்று நாங்கள் சொல்லும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வந்தார். என் வேலிக்குள் காற்று கொண்டுவந்து போட்ட ஒரு ஐஸ்கிரீம் கோப்பையைக் கண்டுபிடித்து, ஏதோ திருட்டுச் சாமானைப் பிடித்தவர்போலத் தூக்கிக் காட்டி, அடுத்த முறை வழக்குப் போடுவேன் என்றார். பிறகு பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனார். அது என் அக்காவின், நாங்கள் சொல்லும் ராத்தாவின், வீடு. "வீட்டுல ஆம்புளயள் இல்ல" என்று உள்ளே இருந்தே ராத்தா சொன்னாள். அவர் மரியாதையான மனிதர். வெளியில் நின்றே முற்றத்தைக் கண்ணால் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

ராத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகளுக்கு ஒரு வீட்டைக் கட்டி நிமிர்த்தாமல் மாப்பிள்ளை கேட்டுப் போக முடியாது. அதனால் அக்கா தங்கைகளின் வீடுகள் ஒரே வளவில் ஒட்டி ஒட்டி நிற்கும். வாப்பா ராத்தாவுக்குப் புது வீடு கட்டிக் கொடுத்தார். கடைசிப் பிள்ளையான எனக்கு வழமைப்படி பழைய வீடு. ராத்தாவின் ஒரே மகள் சப்னாவுக்குக் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. ராத்தாவின் கணவர், என் மச்சான், கட்டாரில் இருந்து அனுப்பும் காசில், வீட்டுக்கு மேலே சப்னாவுக்கு மேல்மாடி எழும்பிக்கொண்டிருந்தது.

மாரிக்குச் சற்று முன் மேல்மாடிக்குத் தளமாகச் சிலாப்பு போட்டார்கள். கொங்கிறீட் வெடிக்காமல் இறுக வேண்டும் என்றால் அதற்குத் தண்ணீர் கட்ட வேண்டும். சிலாப்பின் ஓரமெல்லாம் சீமெந்தால் சின்ன வரம்பு பிடித்து, வயலில் கட்டுவதுபோலத் தண்ணீரை நிறுத்துவார்கள். மேசன் கொஞ்ச நாளைக்கு என்று சொல்லித்தான் கட்டினார். அதற்குள் கட்டாரில் மச்சானுக்குச் சம்பளம் இழுபட்டது, வேலை நின்றது, மேசன் வேறு ஊருக்குப் போய்விட்டார். தண்ணீரை நிறுத்தும்படி ராத்தாவுக்கு யாரும் சொல்லவில்லை. நாள் கூடக் கூடச் சிலாப்புக்குப் பலம் கூடும் என்று அவள் நம்பினாள். படி இன்னும் கட்டவில்லை, ஒரு மரஏணிதான். ராத்தாவுக்கு முழங்கால் வருத்தம். அதனால் பின்னேரம் அஸர் தொழுததும் சப்னா ஏணியில் பாதி ஏறி ஹோஸ் பைப்பை மேலே வீசுவாள், கீழே ராத்தா பைப்பைத் திறப்பாள். மேலே என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை. அவ்வளவு பாசத்தோடு ஒரு மனுசி தன் மகளின் வீட்டுக்குத் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தாள். நானோ கீழே சிரட்டை பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

காய்ச்சல் ஒரு பின்னேரம் திடீரென்று அடித்தது. தைத்துக்கொண்டிருந்த சட்டையின் கையை முடிக்க முடியவில்லை. கண்ணுக்குப் பின்னால் யாரோ விரலை வைத்து அழுத்துகிற வலி, எலும்புக்குள் உளைச்சல். பனடோல் போட்டால் இறங்கும், பிறகு ஏறும். நிசாம் அடுத்த கடையில் வேறு நோக்குளிசை வாங்கி வந்தார். உடம்பு வலிக்கு அது நன்றாகக் கேட்குமாம். டெங்குக் காய்ச்சலுக்கு அந்த வகைக் குளிசைகள் இரத்தக் கசிவை உண்டாக்கும் என்று பிறகு வாட்டில் சொன்னார்கள். நல்லவேளையாக வயிற்றைப் பிரட்டியதால் நான் அதை விழுங்கவில்லை. தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்தோம். கடதாசியைப் பார்த்த அங்கத்தைப் பெட்டைப்பிள்ளையே முகத்தை மாற்றிக்கொண்டு, பெரியாஸ்பத்திரிக்கு இப்பவே போங்கள் என்றாள்.

பெண்கள் வாட்டில் எனக்குக் கிடைத்தது வலை கட்டிய கட்டில். எனக்கு நுளம்பு கடிக்கும் என்று அல்ல. என்னைக் கடிக்கும் நுளம்பு அடுத்த கட்டிலுக்கு நோயைக் கொண்டுபோகும் என்பதற்காக. அந்த வலைக்குள் படுத்துக்கொண்டு, நானும் இப்போது ஒரு ஐஸ்கிரீம் கோப்பை என்று நினைத்தேன்.

ஆளுக்கு ஒரு பெண் துணை நிற்கலாம். ராத்தாதான் நின்றாள். என் எட்டு வயது மகள் ஹனாவைச் சப்னாவிடம் விட்டுவிட்டு, பகலெல்லாம் என் தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தாள். கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கரண்டியால் தந்தாள். என் வாந்தியைக் கையால் ஏந்தினாள். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்கும் சேர்த்துத் தோடம்பழம் பிழிந்தாள். நான் கண்ணை மூடினால் யாஸீன் ஓதி ஊதுவாள். இதையெல்லாம் நான் மறைத்து எழுதினால் என் நாக்கு அழுகிப்போகும்.

வாட்டுக்குப் பொறுப்பான டொக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என்னைவிட இளையவர். அவர்தான் பொறுமையாக விளங்கப்படுத்தினார். காய்ச்சல் விட்டதும் எல்லாரும் சுகம் என்று வீட்டுக்குப் போக நிற்பார்களாம், டெங்குவின் வேலை தொடங்குவதே அப்போதுதானாம். இரத்தக் குழாய்கள் பழைய சாக்குமாதிரி ஆகி, இரத்தத்தில் உள்ள நீர் வெளியே கசியும். நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் போய் நிற்கும். உள்ளே இரத்தம் தடித்து, அமுக்கம் விழும். இரத்தத்தை உறையவைக்கும் சிறுதட்டுகளும் குறைந்துகொண்டு போகும். அதனால்தான் குடிப்பதையும் அளந்து, போவதையும் அளந்து எழுதுகிறார்கள். நிறையத் தண்ணீர் குடித்தால் நல்லது என்று நினைத்து அள்ளிக் குடிப்பதும் அந்த நேரத்தில் ஆபத்து. பார்க்க வந்தவர்கள் ஒளித்துக் கொண்டுவந்த பப்பாளி இலைச் சாற்றை நேர்ஸ் பறித்துக் கழுவும் தொட்டியில் ஊற்றினாள்.

எல்லாம் சொல்லி முடித்து, தேங்கிய தண்ணீரை இறக்கினால் மட்டும் போதாது, ஓரத்தையும் உரசிக் கழுவ வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, டொக்டர் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

"உங்கட வீட்டுக்குப் பக்கத்தில கட்டட வேலை ஏதும் நடக்குதோ?"

நான் பதில் சொல்வதற்குள் ராத்தா எழும்பிச் சுடுதண்ணீர் எடுக்கப் போனாள். அவளுக்கு அந்தக் கேள்வி கேட்டதா என்று எனக்கு அப்போது தெரியவில்லை. டொக்டர் சொன்னதன்படி இந்த நுளம்பு கன தூரம் பறக்காதாம், கடிபட்ட இடத்தைச் சுற்றியே பிறந்திருக்குமாம், பகலில் அதுவும் காலையும் பின்னேரமும் கடிக்குமாம். காய்ச்சலில் கிடந்த எனக்கு அப்போதுதான் சிலாப்பு கண்ணில் நின்றது. மழைத்தண்ணீரும் பைப்புத் தண்ணீரும் கலந்து, தெளிந்து, காற்றுக்கூட அசைக்காமல், ஒரு வீட்டின் அகலத்துக்கு. என் ஹனா பகலெல்லாம் அதன் கீழேதான் விளையாடிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு எனக்கு என் உயிரைப் பற்றிய பயம் பாதி போய்விட்டது. ஹனாவை நுளம்பு கடிக்கும் முன் அந்தத் தண்ணீரை இறக்க வேண்டும், அது ஒன்றுதான் மண்டைக்குள் நின்றது. நிசாம் பார்க்க வந்தபோது வலைக்குள் இருந்து அவருடைய சட்டையைப் பிடித்து, இன்றைக்கே ஏறி வரம்பை உடைத்துவிடுங்கள் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். மதினி ஆஸ்பத்திரியில் இருக்க, மச்சான் வெளிநாட்டில் இருக்க, குமர்ப்பிள்ளை தனியாக இருக்கும் வீட்டில் தான் ஏணி வைத்து ஏறினால் ஊர் என்ன கதைக்கும் என்றார். அப்படியானால் ஹனாவை நிந்தவூருக்கு மாமியிடம் அனுப்புங்கள் என்றேன். அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார்: ராத்தா உனக்காக இங்கே முதுகு முறிய நிற்கும்போது அவளுடைய வீட்டில் இருந்து பிள்ளையைத் தூக்கினால் அவள் என்ன நினைப்பாள்? நெல் மூட்டையைச் சுமக்கிற மனிசனுக்கு ஒரு சொல்லைச் சுமக்க முதுகு இல்லை. பி.எச்.ஐ. வாசலில் நின்று திரும்பினார், இவர் ஏணியடியில் திரும்புகிறார். எங்கள் மானம் மரியாதையெல்லாம் அந்த நுளம்புக்குக் காவல் நின்றது.

ஆகவே நானே கேட்டேன். ராத்தா கஞ்சிக் கோப்பையோடு நிற்கும்போதுதான் கேட்டேன், அதைவிட நல்ல நேரம் எனக்கு அமையவில்லை.

"ராத்தா, அந்தச் சிலாப்புத் தண்ணிய இறக்கி உடுங்க. எனக்கு இது அதுலதான் வந்திரிக்கி."

அவள் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தாள்.

"ஊரெல்லாம் கான் நாறிக் கெடக்கு. உனக்கு என்ட மகள்ர மேல்வீடுதான் கண்ணுல குத்துதா புள்ள?"

ஹனா அங்கே இருக்கிறாள் என்றேன். தன் பிள்ளையும் அங்கேதானே இருக்கிறாள் என்றாள். அந்தச் சிலாப்பு வெடித்தால் மறுபடி போட யார் காசு தருவார், மாப்பிள்ளை வீட்டார் மாரி முடிய வீட்டைப் பார்க்க வருவார்கள் என்றாள். கடைசியாக, அல்லாஹ்வின் நாட்டம் இல்லாமல் ஒரு நுளம்பும் யாரையும் கடிக்காது என்றாள். நானும் ஐந்து நேரம் தொழுகிறவள்தான், அதை மறுக்க எனக்கு வாய் இல்லை. ஆனால் ஹோஸ் பைப்பைத் திறந்த கை ராத்தாவுடையது. அதையும் சொல்லிவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கோபித்துக்கொண்டு போவாள் என்று எதிர்பார்த்தேன். போயிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். போகவில்லை. அந்தக் கதிரையிலேயே இருந்தாள். கஞ்சியைத் தந்தாள், முதுகைத் தடவினாள். அஸருக்குச் சப்னாவுக்குப் போன் எடுத்து, "தண்ணி உட்டாச்சா மகள்?" என்று என் காது கேட்கக் கேட்டாள்.

அதற்கு அடுத்த நாள் என் காய்ச்சல் விட்டது. டொக்டர் சொன்னது அப்படியே நடந்தது. கைகால் குளிர்ந்தது, வயிறு பறைமாதிரி வீங்கியது, கண்ணுக்குள் இருட்டியது. மணித்தியாலத்துக்கு ஒருதரம் விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். பல்முரசில் இரத்தம் துளிர்த்தபோது ராத்தா தன் முந்தானையால் துடைத்தாள். அந்த நிலையிலும் நான் கேட்டேன், ஹனாவுக்காகக் கேட்டேன், அந்தத் தண்ணீரை இறக்குங்கள் என்று. நாக்குத் தடித்திருந்தது, ஆனால் அவளுக்கு விளங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓதத் தொடங்கினாள். எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்வது? அவளுடைய மடியில் தலையை வைத்துக்கொண்டே அவளை வெறுத்தேன். பக்கத்தில் வேறு யாரும் இல்லாததால் அவளுடைய கையைத்தான் பிடித்தும் இருந்தேன்.

என் சிறுதட்டு எண்ணிக்கை தொடர்ந்து ஏறி, வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன காலையில் சப்னாவுக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. ராத்தா செருப்பைப் போடாமல் வீட்டுக்கு ஓடினாள். நிசாம் லொறியிலேயே சப்னாவை ஏற்றிக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஹனாவை நிந்தவூருக்குக் கொண்டுபோக வீட்டுக்குத் திரும்பினார். இப்போது அதற்கு யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தைரியம் வந்திருந்தது. சப்னாவுக்கு என் கட்டிலுக்கு எதிர்க்கட்டில், அதே வலை. கையில் சேலைன் ஊசி ஏற்றும்போது கல்யாணத்துக்கு மருதாணி போடுகிற கை இது என்று அழுதாள்.

நண்பகலுக்கு முன்பே ஹனா நிசாமின் போனில் எனக்கு எடுத்தாள்.

"உம்மா, பெரியம்மா சிலாப்புல ஏறி அலவாங்கால வரம்ப உடைக்கிறா. எங்கட பக்கம் மழ மாதிரி கொட்டுது."

முழங்கால் வருத்தக்காரி, அந்தக் கனத்த இரும்பையும் தூக்கிக்கொண்டு ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறியிருக்கிறாள். உடைத்த இடத்தால் தண்ணீர் போய் முடியும்வரை நின்று, மிச்சத்தைத் தும்புத்தடியால் கூட்டித் தள்ளி, ஓரமெல்லாம் உரசிக் கழுவியிருக்கிறாள். எப்படிச் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த வாட்டில் டொக்டர் எனக்குச் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அந்தப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து அவள் கேட்டுத்தான் இருக்கிறாள்.

ளுஹர் தொழுத கையோடு வாட்டுக்குத் திரும்பி வந்தாள். உடுப்பின் கீழ்ப்பக்கம் நனைந்து சீமெந்து ஒட்டியிருந்தது. நேரே சப்னாவிடம் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிறகு என் பக்கம் வந்தாள். எனக்கு அன்றைக்குத் துண்டு வெட்டியாகிவிட்டது, நான் வீட்டுக்குப் போக உடுத்திக்கொண்டு இருந்தேன். அதோடு போயிருக்கலாம். எனக்கு அந்தக் குணம் இல்லை.

"நான் கெடக்கக்க நீங்க ஏறல்லயே ராத்தா."

அவள் என் பையை எடுத்து அதற்குள் போத்தலை வைத்தாள், துவாயை மடித்து வைத்தாள்.

"நீ மவுத்தாக மாட்டாய் எண்டு எனக்குத் தெரியும் புள்ள," என்றாள். "சப்னாட விசயத்துல எனக்கு அப்பிடி ஒரு நம்பிக்க வரல்ல."

இதை எழுதும்போது சப்னா சுகமாகி வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்கு என்னளவுக்கு மோசமாகவில்லை. ஹனாவை அல்லாஹ் காப்பாற்றினான், அவளுக்கு ஒன்றும் வரவில்லை. மேசன் திரும்பி வந்து, சிலாப்பைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, தண்ணீரை எப்போதோ இறக்கியிருக்கலாமே, நனைந்த சாக்கு விரித்திருந்தாலே போதுமே என்று சர்வசாதாரணமாகச் சொன்னாராம். எங்கள் ஒழுங்கையில் மட்டும் இன்னும் சில வீடுகளில் சிலாப்பு போட்டுக் கிடக்கிறது. எல்லாம் யாரோ ஒரு பெண்பிள்ளைக்குத்தான். தண்ணீர் கட்டுவதாக இருந்தால் வாரத்துக்கு ஒருநாள் வரம்பை வெட்டி முழுவதும் வடியவிட்டு, உரசிக் காயவிட்டுப் பிறகு கட்டுங்கள். வீட்டில் ஆண்கள் இல்லையென்றால் பெண்களே ஏறிப் பாருங்கள்.

ராத்தா இப்போதும் மீன் ஆணம் காய்ச்சினால் ஒரு கிண்ணம் வேலிக்கு மேலால் தருகிறாள். நான் வாங்குகிறேன். குடும்பத்தில் இந்தப் பேச்சு எடுபட்டால் எல்லாரும் என்னைத்தான் அடக்குகிறார்கள்: அவள் உனக்காக எவ்வளவு செய்தாள், சப்னாவும் பிழைத்துவிட்டாள், இனியென்ன? அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. நான் மவுத்தாகியிருந்தால் ராத்தா செய்தது பிழை என்று ஊரே சொல்லியிருக்கும். நான் பிழைத்துக்கொண்டேன், அவள் சொன்னது சரியாகப் போய்விட்டது.